தலைக் கிறிஸ்மஸுக்கு எந்த மரம்?

எங்கள் வீட்டில் கிறிஸ்மஸ் மரம் என்றால் சவுக்குதான். டிசம்பர் பிறந்ததும் என் கணவர் பாலாற்றுப் பக்கம் தோப்பு வைத்திருக்கும் நண்பரிடம் போய், நல்ல உச்சிக் கொண்டையாகப் பார்த்து வெட்டி, ஸ்கூட்டரின் பின்னால் கட்டிக்கொண்டு வருவார். பெயிண்ட் டிரம்மில் மணலைக் கொட்டி அதை நிறுத்துவோம். பனி என்று சொல்லிப் பஞ்சைப் பிய்த்து ஒட்டுவோம். ஆம்பூர்க்காரன் எவன் பனி விழுந்து பார்த்தான்? ஆனாலும் ஒட்டுவோம். இருபத்தைந்தாம் தேதிக்குள் மரம் பழுப்பாகி, சவுக்கு ஊசிகள் வீடு முழுக்க உதிர்ந்து, சோற்றில்கூட ஒன்று கிடக்கும். கொண்டுவருவது அவர் வேலை, பெருக்குவது என் வேலை.

அவர் ஒரு ஷூ கம்பெனியில் தோல் பார்த்து எடுக்கும் பிரிவில் இருக்கிறார். வந்து இறங்கும் தோலை மடித்துப் பார்ப்பார், நகத்தால் அழுத்திப் பார்ப்பார், மோந்து பார்ப்பார். அசல் எது, ரெக்ஸின் எது என்று சொல்வதற்குத்தான் சம்பளமே. அந்தப் புத்தியை வீட்டுக்கும் கூடவே கொண்டுவந்துவிடுவார். எங்கள் பைபிளின் உறைகூடத் தோல்தான். பிளாஸ்டிக் மரம் வாங்கலாம் என்று நான் சொல்லும்போதெல்லாம், நான் ஏதோ கெட்ட வார்த்தை பேசிவிட்டது போல எழுந்து போய்விடுவார்.

இந்தச் சண்டை வருஷா வருஷம் நடப்பதுதான். போன வருஷம் மட்டும் அது வெறும் குப்பை பெருக்கும் சண்டையாக இல்லை. மகளுக்குக் கல்யாணமாகி வரும் முதல் கிறிஸ்மஸ் அது. தலை தீபாவளிக்கு மாப்பிள்ளையும் பெண்ணும் பெண் வீட்டுக்கு வருவது போல, எங்கள் பக்கத்துக் கிறிஸ்தவர்களுக்குத் தலைக் கிறிஸ்மஸ். மாப்பிள்ளைக்கு மோதிரம், துணி, பெண்ணுக்குப் பட்டு, வருகிறவர்களுக்கெல்லாம் பிரியாணி என்று தாய்வீடு அன்றைக்கு நிமிர்ந்து நிற்க வேண்டும்.

ஆனால் எங்கள் வீட்டுக் கல்யாணம் நிமிர்ந்து நிற்கிற கல்யாணமாக நடக்கவில்லை. மாப்பிள்ளை நாட்றம்பள்ளிக்கு உள்ளே ஒரு கிராமத்தில் விவசாயக் குடும்பத்துப் பையன், இந்து. ஜோலார்பேட்டையில் ரயில்வேயில் வேலை. அவர் ஞானஸ்நானம் எடுப்பதில்லை, இவள் பொட்டு வைப்பதில்லை, இருக்கிறபடியே இருவரும் இருப்பது என்று அவர்களுக்குள் பேசி முடித்துக்கொண்டார்கள். பெற்றவர்களான நாங்கள் அதற்குப் பிறகுதான் கேள்விப்பட்டோம். காலையில் ரிஜிஸ்டர் ஆபீஸ், சாயங்காலம் எங்கள் வீட்டில் ஜெபம், ஓட்டலில் சாப்பாடு. மாப்பிள்ளையின் அப்பா அம்மா வரவில்லை. அவர்கள் வருவார்கள் என்று இரண்டு நாற்காலிகளை முன்வரிசையில் போட்டுவைத்து, கடைசியில் யார் யாரோ உட்கார்ந்தார்கள்.

அதற்குப் பிறகு மகளும் மாப்பிள்ளையும் ஜோலார்பேட்டை ரயில்வே குவார்ட்டர்ஸில் குடியிருந்தார்கள். அங்கிருந்து மாமியார் வீடு கூப்பிடு தூரம் என்றே சொல்லலாம். மாப்பிள்ளை மட்டும் வாரா வாரம் போய்வருவார். இவளை வா என்று ஒருவரும் கூப்பிடவில்லை, போகாதே என்றும் சொல்லவில்லை. ஒருமுறை இவள் ரவா கேசரி செய்து டப்பாவில் கொடுத்தனுப்பியிருக்கிறாள். டப்பா நன்றாகத் தேய்த்துக் கழுவி, காலியாகத் திரும்பி வந்தது. ஒரு பிடி கடலையாவது போடாமல் பாத்திரத்தைத் திருப்பித் தந்தால் என்ன அர்த்தம் என்று நம் ஊரில் யாருக்குத் தெரியாது? அன்றைக்கு அவள் போனில் அழுதபோது எனக்கு வந்த கோபத்தில் நேரே நாட்றம்பள்ளிக்கு பஸ் ஏறியிருப்பேன். டியூட்டி இருந்ததால் அந்தம்மா தப்பித்தார்கள். நான் நர்ஸ். வார்டில் பத்துப் பேரை அதட்டி மாத்திரை விழுங்க வைக்கிறவள். என் மகளுக்கு ஒரு வாசலைத் திறந்துவிட மட்டும் என்னால் முடியவில்லை. தினமும் முழங்காலில் நின்று அந்த ஒன்றைத்தான் கேட்டுக்கொண்டிருந்தேன். அந்த வீட்டுக்குள் அவளைக் கூப்பிட்டுக்கொள்ள வேண்டும்.

டிசம்பர் தொடக்கத்தில் மகள் போன் செய்தாள். குரலை இறக்கி, திருடுகிறவள் போலப் பேசினாள்.

"அம்மா, கிறிஸ்மஸுக்கு அத்தை வந்தாலும் வருவாங்களாம். இவரு சொன்னாரு. கிறிஸ்மஸ்ல இன்னா இன்னா செய்வாங்கன்னு அவங்களே கேட்டாங்களாம்."

அவ்வளவுதான், எனக்குத் தலைகால் புரியவில்லை. சுவருக்கு சுண்ணாம்பு அடிக்கலாமா, பிரியாணியில் பீஃப் வேண்டாமே, சுவரில் இருக்கிற வசனத்தைக் கழற்ற வேண்டுமா கூடாதா என்று ஆயிரம். எல்லாவற்றுக்கும் ஒரு வழி தெரிந்தது. மரத்துக்கு மட்டும் தெரியவில்லை.

டியூட்டி ரூமில் பேச்சுவாக்கில் கேட்டேன். திருப்பத்தூர்ப் பக்கத்திலிருந்து வரும் சிஸ்டர் ஒருத்தி, பச்சை மரத்தை வெட்டி வீட்டுக்குள் வைத்து அது கண்ணெதிரே காய்ந்து போவது, அதுவும் புதுசாகக் கல்யாணமானவர்கள் இருக்கிற வீட்டில், தங்கள் ஆட்கள் பார்த்தால் மனசுக்குள் வருத்தப்படுவார்கள் என்றாள். நியாயமாகத்தான் பட்டது. பக்கத்தில் சாப்பிட்டுக்கொண்டிருந்த இன்னொருத்தி, தலைப் பண்டிகைக்குப் போய்ப் பொய் மரம் வைப்பார்களா, அது மட்டும் நல்ல சகுனமா என்றாள். அதுவும் நியாயமாகப் பட்டது. மகளைக் கேட்டேன். மரமே வேண்டாம், அதைப் பார்த்தால் அத்தைக்கு வேறு யாருடைய கோயிலுக்குள்ளோ வந்தது போல இருக்கும் என்றாள். சாயங்காலம் மறுபடி கூப்பிட்டு, மரம் இல்லாவிட்டால் தனக்காகத்தான் எடுத்துவிட்டார்கள் என்று அத்தை சங்கடப்படுவார்கள், வைத்துவிடு என்றாள். எந்த மரம் என்று கேட்டேன். உனக்குத் தெரியாதா அம்மா என்று வைத்துவிட்டாள். ஆளுக்கு ஒரு பக்கம் இழுத்தால் நான் எந்தப் பக்கம் சாய்வது?

கடைசியில் வேலூர் பஜாருக்குப் போய் ஆறடி பிளாஸ்டிக் மரம் ஒன்றை வாங்கிவந்துவிட்டேன். காயாது, உதிராது, சகுனத்துக்கும் சாகாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். என் கணவர் பெட்டியைத் திறந்து ஒரு கிளையை எடுத்து மோந்து பார்த்துவிட்டு, ஷூ அடிப்பாகம் வார்க்கிற ரூமில் இந்த வாசனைதான் வரும் என்றார். பெட்டியை மூடிவிட்டுப் பேப்பரை விரித்துக்கொண்டார்.

அடுத்து வந்த ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் மகளும் மாப்பிள்ளையும் மரத்தை மாட்டித் தர வந்தார்கள். அதில் ஒவ்வொரு கிளைக்கும் ஒரு கலர் பூசியிருந்தது, தண்டிலும் அதே கலர் பூசிய ஓட்டைகள். மாப்பிள்ளை ரயில்வேக்காரர் அல்லவா, ஸ்பேனர் இல்லாததுதான் குறை, சரசரவென்று மாட்டினார். மகள் கிளைகளை விரித்துவிட்டாள். என் கணவர் பேப்பருக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தார். நட்சத்திரத்தை உச்சியில் செருகிவிட்டு மூவரும் எட்ட நின்று பார்த்தபோது, நான் எடுத்த முடிவு சரிதான் என்று எனக்குத் தோன்ற ஆரம்பித்திருந்தது.

அப்போதுதான் வாசலில் குட்டியானை வண்டி ஒன்று வந்து நின்றது. வாடகைக்குச் சாமான் ஏற்றிப்போகிற சின்ன வண்டி. பின்னால் ஒரு முழுச் சவுக்கு மரம் படுத்திருந்தது. அடியிலிருந்து இலைக்கொண்டை வரை நீளமாக, வண்டிக்கு வெளியே நீட்டிக்கொண்டு. என் கணவர் சொல்லித்தான் தோப்பு நண்பர் அனுப்பியிருக்கிறார், சண்டைக்கு என்றே ஏற்பாடு பண்ணியிருக்கிறார் என்று நினைத்து, திட்டுவதற்கு வாயைத் திறந்துகொண்டே கணவர் பக்கம் திரும்பினேன். அவர் என்னைவிட முழித்துக்கொண்டிருந்தார்.

"அம்மா" என்றார் மாப்பிள்ளை. என்னை அல்ல.

டிரைவர் பக்கத்து சீட்டிலிருந்து வேட்டியை மடித்துக் கட்டிய ஒரு பெரியவர் இறங்கினார். அவருக்குப் பின்னால் ஒரு பெண்மணி, கையில் பித்தளைச் செம்பும் தாம்பாளமும். போட்டோவில் பார்த்த முகம். மகள் ஹாலிலேயே சிலையாகிவிட்டாள். நான் புடவைத் தலைப்பை இழுத்துச் சரிசெய்துகொண்டிருந்தேன். என் கணவர்தான் வாங்க, வாங்க என்று செருப்பில்லாமல் தெருவுக்கு ஓடினார்.

ஆண்கள் மரத்தை இறக்கி மதில் ஓரமாகச் சாய்த்தார்கள். அப்போதுதான் சரியாகப் பார்த்தேன். தண்டு முழுக்க மஞ்சள் பூசியிருந்தது, இடையிடையே குங்குமம். உச்சியில் மாவிலைக் கொத்து. அதோடு மஞ்சள் துணியில் எதையோ முடிந்து கட்டியிருந்தார்கள். கல்யாண வீட்டு வாசல்களில் நான் எத்தனையோ முறை பார்த்ததுதான். பந்தக்கால். முடிச்சுக்குள் நவதானியம் இருக்கும். கல்யாணத்துக்கு முன்னால் நல்ல நாள் பார்த்து, சுமங்கலிகள் சேர்ந்து நடுகிற கால் அது. அது எதற்கு டிசம்பர் மாதத்தில் என் வீட்டு வாசலில் வந்து நிற்கிறது என்று எனக்கு விளங்கவில்லை.

"ஈசானி மூலை எது சம்பந்தி?" என்று கேட்டார்கள் அந்தம்மா. முதன்முதலில் என்னிடம் பேசிய பேச்சு அதுதான்.

கொஞ்சம் கொஞ்சமாகத்தான் விஷயம் வெளியே வந்தது. கிறிஸ்மஸில் என்ன செய்வார்கள் என்று அவர்கள் மகனைக் கேட்டிருக்கிறார்கள். நம் மாப்பிள்ளை வாய் திறந்தால் முத்து உதிர்ந்துவிடும் என்கிற ரகம். ஒரு மரம் நிறுத்துவார்கள், சொந்தக்காரர்கள் கூடுவார்கள், பெண்ணுக்கும் மாப்பிள்ளைக்கும் புதுத்துணி எடுப்பார்கள் என்று மூன்றே வாக்கியத்தில் முடித்திருக்கிறார். மரம் நிறுத்தி, சனம் கூடி, புதுத்துணி எடுத்தால் அது அவர்கள் ஊரில் கல்யாணம். அப்படியானால் பந்தக்காலை மாப்பிள்ளை வீடு கொண்டுபோக வேண்டாமா? அதுவும் மார்கழி பிறந்துவிட்டால் கால் நட மாட்டார்கள். அதனால்தான் கிறிஸ்மஸ் வரை காத்திருக்காமல், போனும் செய்யாமல், தங்கள் தோட்டத்துச் சவுக்கை வெட்டி ஏற்றிக்கொண்டு வந்துவிட்டார்கள்.

பேசிக்கொண்டே உள்ளே வந்த அந்தம்மா, ஹாலில் நிற்கிற பிளாஸ்டிக் மரத்தைப் பார்த்தார்கள். நட்சத்திரம், ஜிகினா, பலூன் எல்லாவற்றையும் பார்த்தார்கள். ஒரு கிளையைத் தொட்டு விரலைத் தேய்த்துக்கொண்டார்கள். முகம் மெல்ல மாறியது.

"இதானா அந்த மரம்?" என்று மகனைக் கேட்டார்கள்.

மாப்பிள்ளை தலையைக் குனிந்துகொண்டார். அந்தம்மாவின் முகத்தில் வெட்கமும் கோபமும் ஒன்றாக ஏறின. தப்பாகப் புரிந்துகொண்டு நாலு பேர் பார்க்க மரத்தோடு வந்து இறங்கிவிட்டோமே என்று அவர்கள் கூசியது எனக்கு நன்றாகத் தெரிந்தது. தாம்பாளத்தை எடுத்துக்கொண்டு, வண்டியைத் திருப்பச் சொல்லுங்க என்று பெரியவரிடம் சொல்லிவிட்டு வாசலுக்கு நடந்தார்கள். மகள் என்னைப் பார்த்தாள். ஏதாவது செய் அம்மா என்று கண்ணாலேயே கெஞ்சினாள்.

எனக்கோ மண்டைக்குள் ஒரே இரைச்சல். மஞ்சள், குங்குமம், ஈசானி மூலை. சாயங்காலம் சபையிலிருந்து கேரல் பாட வருவார்கள். ஆயர் முதலில் இதைத்தான் பார்ப்பார். நான் பெண்கள் ஐக்கிய சங்கத்தில் பொறுப்பில் இருக்கிறவள். அதற்காக வேண்டாம் என்று சொன்னால், இந்தம்மா இந்த வாசலை மிதிப்பது இதுதான் கடைசி. என் மகளுக்கு அந்த வாசல் அதோடு அடைத்துப்போகும். எது சரி என்று யோசிக்க ஒரு நிமிஷம்கூடக் கிடைக்கவில்லை. நான் யோசித்தேனா என்றே எனக்குச் சந்தேகம். போய் அந்தம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"கொண்டாந்த காலைத் திருப்பி எடுத்துனு போலாமா சம்பந்தி? நடலாம்" என்றேன்.

அவர்கள் உடனே ஒப்புக்கொள்ளவில்லை. என் கையை விடுவித்துக்கொண்டு, தெருவைப் பார்த்தபடி பேசினார்கள்.

"எனக்கு ஒரே புள்ள. அவன் கல்யாணத்துக்கு நான் கால் நடல. யார் மேல கோவமோ, வரல. கால் நடாத கல்யாணத்துல வந்த பொண்ண எப்படி உள்ள கூப்புடறது, நீயே சொல்லு. கூப்புடணும்னு இருந்துது. வழி தெரியல. மரம் வெப்பாங்கன்னு சொன்னதும் அதான் வழின்னு ஓடியாந்தேன்."

நான் இவ்வளவு நாளும் மனசுக்குள் திட்டித் தீர்த்த மாமியார் இவர்கள்தானா என்று எனக்குக் குழப்பமாகிவிட்டது. கோபம் எங்கே போனதென்றே தெரியவில்லை. அழுகைதான் வந்தது.

ஈசானி மூலையில் எங்கள் தண்ணீர்த் தொட்டி இருந்தது. தொட்டிக்குப் பக்கத்தில் என் கணவர் கடப்பாரையை எடுத்துக் குழி தோண்டினார். பேப்பருக்குப் பின்னால் இருந்த மனிதரா இவர் என்று சந்தேகம் வரும், அத்தனை உற்சாகம். மாப்பிள்ளையின் அப்பாவும் அவரும் தோப்பு, வயது, வைரம் பாய்ந்த கட்டை என்று சவுக்கைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தார்கள். நடுகிற சுமங்கலிகள் ஒற்றைப்படையில் இருக்க வேண்டும் என்றார்கள் அந்தம்மா. கல்யாணப்பெண் கணக்கில் வரமாட்டாள். நாங்கள் இருவர்தான் இருந்தோம்.

மதிலுக்கு அந்தப் பக்கம் ஒரு தலை தெரிந்தது. பக்கத்து வீட்டு அம்மா, எங்கள் ஐக்கிய சங்கத் தலைவி. நான் யாருக்குத் தெரியக்கூடாது என்று பயந்தேனோ அவரேதான். மரம் ஏன் மஞ்சளாக இருக்கிறது என்று கேட்டார். நான் மென்று விழுங்கி எதையோ சொன்னேன். அவர் என்னையும், என் சம்பந்தியம்மாவையும், கதவருகில் நின்ற என் மகளையும் ஒருமுறை பார்த்தார். பிறகு சுற்றிக்கொண்டு வந்து கேட்டருகே செருப்பைக் கழற்றினார்.

"மூணாவது ஆளு வேணுமா? நான் வர்றேன்" என்றார்.

என் சம்பந்தியம்மா எங்கள் இருவர் கழுத்தையும் பார்த்துத் தாலியை உறுதி செய்துகொண்டார்கள். பாயசத்துக்கு வாங்கிவைத்த பாக்கெட் பாலைச் செம்பில் ஊற்றி, மூவருமாகக் குழிக்குள் விட்டோம். மஞ்சள் என் கையில் ஒட்டியபோது, புண்ணுக்குப் போடுகிற மஞ்சள்தானே என்று ஒரு மனம் சொன்னது. ஆண்டவரே, இது சரியா என்று இன்னொரு மனம் கேட்டது. அதற்குள் மரத்தைத் தூக்கி நிறுத்திவிட்டோம். அந்தம்மா கண்ணை மூடிக் கும்பிட்டார்கள். எங்கள் சங்கத் தலைவியும் கண்ணை மூடி உதட்டுக்குள் ஜெபம் பண்ணினார். யார் யாரிடம் என்ன கேட்டார்கள் என்று எனக்குத் தெரியாது.

சாப்பாடு ஆனதும் தலைவி போய்விட்டார். அந்தம்மா தாம்பாளத்தில் ஒரு புடவையை வைத்து, பூ வைத்து, என் மகளைக் கூப்பிட்டார்கள்.

"வாம்மா, கட்டிக்க. எனக்கு இன்னிக்குதான் எம் புள்ள கல்யாணம். கால் நட்டாச்சு, பொண்ண அழைச்சினு போறேன்."

இன்றைக்கேவா என்றேன். மார்கழி பிறந்துவிட்டால் புதுப்பெண்ணை வீட்டுக்குள் அழைக்க மாட்டோம், இன்றே வந்து விளக்கேற்ற வேண்டும் என்றார்கள். சரி, கிறிஸ்மஸுக்கு அனுப்பி வைப்பீர்கள் அல்லவா என்று கேட்டேன். குரல் எனக்கே சின்னதாகக் கேட்டது.

"வந்த பொண்ண மார்கழில வாசல் தாண்ட வுட மாட்டோம் சம்பந்தி, எங்க ஊட்டு வழக்கம். தை பொறக்கட்டும். நீங்க அங்க வாங்க. அந்த மரத்தயும் கழட்டி எடுத்துனு வாங்க, எங்க ஊரு பசங்க பாக்கட்டும்."

தலைக் கிறிஸ்மஸுக்குப் பெண் தாய்வீட்டில் இருக்க வேண்டும் என்பது எங்கள் வழக்கம். அதைச் சொல்ல வாய் வரை வந்தது. எதற்காக இவ்வளவு நாளும் முழங்காலில் நின்றேன் என்று நினைத்ததும் வாயை மூடிக்கொண்டேன். கேட்டது கேட்டபடியே கிடைத்திருக்கிறது. அதற்கு ஸ்தோத்திரம் சொல்வதா, உட்கார்ந்து அழுவதா? மகளின் அறையில் நின்றுகொண்டு, பட்டுப்புடவைக்குக் கொசுவம் மடித்துக் கொடுத்தேன். அவள் முகம் பளபளவென்று இருந்தது. கல்யாணமாகி ஏழு மாதமாக நான் பார்க்காத முகம் அது.

முன்சீட்டில் மாமியாரும் மருமகளும் உட்கார்ந்தார்கள். மாப்பிள்ளையும் அவர் அப்பாவும் பின்னால் ஏறிக்கொண்டார்கள். நான் வண்டிக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். மகள் குனிந்து என் கையைத் தொட்டாள்.

"கிறிஸ்மஸுக்கு எங்க வீட்டுக்கு வந்துடும்மா" என்றாள்.

அவள் பிறந்து வளர்ந்த வீட்டு வாசலில் உட்கார்ந்துகொண்டுதான் அதைச் சொன்னாள். என்ன சொன்னோம் என்று அவளுக்கே தெரிந்திருக்காது. வந்துடறேன் என்று சொல்லிக் கதவைச் சாத்தினேன். சந்தோஷமாகத்தான் சொன்னேன் என்று நினைக்கிறேன்.